பாடம் வேறு, பட்டை மட்டும் ஒன்றா?

கராத்தே வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் மாஸ்டரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும் சார்?" மாதக் கட்டணத்தைக்கூட அதற்குப் பிறகுதான் விசாரிப்பார்கள். மூன்று வருஷம் என்பார் ஒருவர், நாலு என்பார் இன்னொருவர். ஆறு வயதில் சேர்ந்த குழந்தை ஒன்பது, பத்து வயதில் கறுப்புப் பட்டையோடு மேடையில் நிற்கும். உள்ளூர்ச் செய்தியில் படம் வரும். எத்தனை வருஷத்தில் என்று கேட்கிற நாம், எத்தனை வயதில் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது.

கேட்டால் உலகம் முழுவதற்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடைக்காது. ஜூடோவின் தலைமை இல்லமான டோக்கியோ கோடோகன், கறுப்புப் பட்டையின் முதல் படியான முதல் டான் பெற 14 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 13 என்கிறது. டேக்வாண்டோவுக்குத் தலைமையகமான சியோல் குக்கிவோனில் 15 வயதுக்குக் கீழ் டான் கிடையாது. அந்த வயதினருக்கென்று 'பூம்' என்ற தனித் தகுதி இருக்கிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்போ 19 வயதுக்கு முன் கறுப்புப் பட்டையை ஏற்பதே இல்லை.

13க்கும் 19க்கும் இடையே ஆறு வருட தூரம். ஜப்பானியக் குழந்தை சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது, பிரேசில் குழந்தை தாமதமாக வளர்கிறது என்பது இதற்குக் காரணமாக இருக்க முடியாது. கறுப்புப் பட்டை எதற்குச் சான்று என்பதில்தான் இவர்கள் பிரிகிறார்கள். கெண்டோவில் முதல் டான் ஒரு நீண்ட ஏணியின் கீழ்ப்படி. அந்த ஏணியின் உச்சியில் தேர்வு வைத்துத் தரப்படும் எட்டாம் டானுக்கு விண்ணப்பிக்கவே 46 வயது ஆகியிருக்க வேண்டும். ஏழாம் டான் பெற்றுப் பத்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். உச்சி அவ்வளவு தொலைவில் இருக்கும்போது அடிப்படியில் 13 வயதுப் பிள்ளை நிற்பதால் யாருக்கும் குழப்பமில்லை. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டைக்காரர் ஆசிரியராக மதிக்கப்படுகிறவர். அங்கே 19 என்பதே குறைவு என்று சொல்பவர்கள் உண்டு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டைக் கலைகள் குழந்தைகளிடம் வந்தபோது அவற்றின் பாடம் மாற்றப்பட்டது. மாற்றியவர்கள் பொறுப்பறிந்து, அக்கறையோடு மாற்றினார்கள். ஆனால் பெரியவர்களுக்கென்று உண்டான பட்டையை மட்டும் பல அமைப்புகள் அப்படியே குழந்தையின் இடுப்பில் கட்டிவிட்டன. வயது வரம்பைப் பற்றிய சச்சரவு அத்தனையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு தத்தாமிப் பாய்கள் கொள்ளும் இடத்தில் கோடோகனைத் தொடங்கியபோது அவருக்கே 21 வயதுதான். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். மறு ஆண்டு, 1883இல், சுனெஜிரோ தொமிதா, ஷிரோ சைகோ என்ற இரு மாணவர்களுக்கு அவர் முதல் டான் கொடுத்தார். சைகோவுக்கு அப்போது 17 வயது, தொமிதாவுக்கு 18. டான் என்ற படிநிலை கோ என்ற பலகை ஆட்டத்தை ஆடுபவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதைக் கறுப்புப் பட்டையால் அடையாளம் காட்டும் வழக்கம் இன்னும் சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

பழைய காலத்தில் கறுப்புப் பட்டைக்குப் பத்து வருடம் தவம் கிடந்தார்கள் என்று நம் ஊர் மாஸ்டர்களில் பலர் பெருமையாகச் சொல்வார்கள். ஜூடோவில் முதன்முதலாக டான் பெற்ற இருவரும் கோடோகனில் சேர்ந்து ஏறக்குறைய ஓர் ஆண்டில் அதைப் பெற்றுவிட்டார்கள். ஆகவே காலத்தின் நீளத்தைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அவர்கள் நாள் முழுவதும் கானோவோடு தங்கி, வளர்ந்த ஆட்களோடு புரண்டு பயின்றவர்கள். எறிந்ததும் முழு எடையுள்ள உடம்புகளை, எறியப்பட்டதும் அவற்றால்தான். வயதைக் காட்டிலும் முக்கியம், எதிரே நின்றவர் யார் என்பது.

மசாஹிகோ கிமுராவின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். குமாமோட்டோவில் பிறந்த இந்த ஜூடோ வீரர் 1935இல் தம் 18ஆம் வயதில் ஐந்தாம் டான் பெற்றார். கோடோகனில் அடுத்தடுத்து எட்டு எதிராளிகளை வீழ்த்தி அந்த நிலைக்கு வந்தார். இன்றைய கணக்கில் அது நம்ப முடியாத வேகம். ஆனால் அவருக்காக யாரும் தேர்வை எளிதாக்கவில்லை. சின்னப் பையன் என்று எதிராளி கை தளர்த்தவும் இல்லை. பெரியவர்களின் தகுதியைப் பெரியவர்களின் தேர்வில் வாங்கினார்.

கராத்தே குழந்தைகளிடம் வந்த வழி வேறு. ஓகினாவாவின் அன்கோ இதோசு 1901 வாக்கில் ஷூரியின் தொடக்கப் பள்ளியில் கராத்தேயைப் பாடமாக்கினார். சில ஆண்டுகளில் அது நடுநிலைப் பள்ளிக்கும் போனது. அதுவரை இரவில், மதில்களுக்குள், ஆசானும் ஒன்றிரண்டு மாணவருமாகப் பயின்றுவந்த கலை அது. தொண்டையையும் கண்ணையும் மூட்டையும் குறிவைக்கும் அடிகள் நிறைந்த கலை. அதை முப்பது நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று செய்யும்படி மாற்ற வேண்டியிருந்தது. இதோசு 'பினான்' என்ற ஐந்து கட்டாக்களை (தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளை) அமைத்தார். நம் ஊர்க் கராத்தே வகுப்புகளில் பிள்ளைகள் இன்று செய்யும் ஹெய்யான் கட்டாக்கள் அவற்றின் வழிவந்தவையே. 1908இல் கல்வி அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் கராத்தே உடலை வளர்க்கும், உள்ளத்தை உறுதியாக்கும் என்று அவர் வாதிட்டார். குழந்தைகளுக்கான கராத்தே உடற்கல்வியாகப் பிறந்தது என்பதை அந்தக் கடிதமே காட்டுகிறது. அந்தப் பிள்ளைகளின் இடுப்பில் எந்தத் தகுதிப் பட்டையும் இல்லை.

இதோசுவின் மாணவர்களில் ஒருவரான கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோவுக்கு வந்தார். கானோ அவரை ஆதரித்தார். ஜூடோவின் உடையையும் டான் முறையையும் ஃபுனாகோஷி கராத்தேக்கு எடுத்துக்கொண்டார். 1924 ஏப்ரலில் கராத்தேயின் முதல் டான்களை வழங்கினார். பெற்றவர்கள் வளர்ந்த ஆண்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக மென்மையாக்கிய பாடமும், பெரியவர்களுக்காக உண்டான தகுதியும் ஒரே கலைக்குள் வந்து சேர்ந்தது அப்போதுதான். அந்த இரண்டும் உரசிக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று, அவ்வளவே.

பாடம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை ஜூடோவில் துல்லியமாகப் பார்க்கலாம். ஜப்பானில் சிறுவர் போட்டிகளுக்குத் தனி விதிகள் உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தை நெரிக்கும் பிடிகளைப் போடக் கூடாது. நடுநிலைப் பள்ளி முடியும்வரை, அதாவது ஏறக்குறைய 15 வயதுவரை, முழங்கை மூட்டை முறுக்கும் பிடிகளும் கூடாது. எறிதல், தரையில் அமுக்குதல், நெரித்தல், மூட்டுப் பிடி என்று நான்காக இருக்கும் ஜூடோவில் பத்து வயதுப் பிள்ளைக்குப் போட்டிக் களத்தில் பாதிதான் திறந்திருக்கிறது. இது நல்ல விதி. பாதியை மட்டும் செய்தவரிடம் முழுமைக்கான சான்றைக் கொடுப்பதுதான் சரியில்லை. கோடோகனின் 14 வயது வரம்பே இந்த விதியோடு சற்று உரசுகிறது. 14 வயதில் முதல் டான் பெறும் ஜப்பானியச் சிறுவன் சிறுவர் போட்டி எதிலும் ஒரு மூட்டுப் பிடியைக்கூடப் போட்டிருக்க மாட்டான். ஆகவே ஜூடோவுக்கு 15 என்று வைப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

முதல் டான் தேர்வில் 'நாகெ நோ கட்டா' என்ற எறிதல் வரிசையின் முதல் மூன்று பகுதிகளைச் செய்து காட்ட வேண்டும். அவற்றில் வரும் மூன்றாவது எறிதல் காட்டா-குருமா. எதிராளியின் கையை இழுத்துக்கொண்டே முழங்கால் மடக்கித் தாழ்ந்து, அவருடைய இடுப்பைத் தன் பிடரிக்குக் கொண்டுவந்து, இரண்டு தோளிலும் குறுக்காகத் தூக்கி நிமிர்ந்து நின்று, பிறகு முன்பக்கம் இறக்க வேண்டும். தன் எடைக்குச் சமமான ஓர் உடல் முழுவதையும் முதுகெலும்பு தாங்கும் கணம் ஒன்று அதில் இருக்கிறது. முப்பது கிலோ எடையுள்ள ஒன்பது வயதுப் பிள்ளையால் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். செய்கிற பிள்ளைகள் உண்டு. செய்யச் சொல்லலாமா என்பதே கேள்வி. குழந்தைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தகடுகள் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பொதுவாகப் பெண்பிள்ளைகளுக்கு 13 முதல் 15 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும் அவை மூடி இறுகுகின்றன. அதற்கு முன் அங்கே படும் காயம் எலும்பின் வளர்ச்சியையே கோணலாக்கிவிடலாம். நம் ஊர்ப் பெல்ட் டெஸ்ட்களில் சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஓடு உடைக்கவைக்கிறார்களே, அதை நிறுத்த இந்த ஒரு காரணமே போதும். கையெலும்பு இறுகாத குழந்தையின் முஷ்டியால் ஓடு உடைவது எந்தத் திறமைக்கும் அளவுகோல் ஆகாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் தற்காப்புக் கலைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கலைக்குக் கலை காயத்தின் அளவு பெரிதும் மாறுகிறது என்றும், பயிற்சியும் போட்டியுமாகக் களமிறங்கும் ஒவ்வொரு 1,000 தடவைக்கும் 41 முதல் 133 காயங்கள்வரை பதிவாகியிருக்கின்றன என்றும் அது தொகுத்தது. இளம் குழந்தைகள் தொடாமல் பயிலும் வடிவங்களில் தொடங்கட்டும் என்றது. தலைக்கவசம் மாட்டினால் மூளை அதிர்ச்சி வராது என்று நம்பிவிட வேண்டாம் என்றும் எச்சரித்தது. குழந்தைகள் இந்தக் கலைகளைக் கற்கவே கூடாது என்று அறிக்கை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஐந்தாறு வயதில் விழக் கற்றுக்கொள்வது வாழ்நாள் முழுவதும் உதவும்.

மனத்தைப் பற்றிய ஆய்வுகள் பட்டையைவிடச் சுவாரசியமானவை. கிம்பர்லி லேக்ஸ், வில்லியம் ஹாய்ட் இருவரும் 2004இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் டேக்வாண்டோ அடிப்படையிலான பயிற்சியும் மற்றவர்களுக்கு வழக்கமான உடற்கல்வியும் கொடுத்துப் பார்த்தார்கள். டேக்வாண்டோ பயின்ற பிள்ளைகளிடம் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் வகுப்பறை நடத்தையும் மேம்பட்டன. இதற்கு நேர்மாறான முடிவும் உண்டு. நார்வேயில் எண்ட்ரெசனும் ஒல்வேயஸும் 11 முதல் 13 வயதுவரையான சிறுவர்களைத் தொடர்ந்து கவனித்து 2005இல் எழுதியது அது. குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கிழக்கத்தியச் சண்டைக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்ட சிறுவர்களிடம் வன்முறை நடத்தை கூடியிருந்தது என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள மைக்கேல் ட்ரல்சன் 1986இல் செய்த சிறிய ஆய்வு உதவுகிறது. முரட்டு நடத்தை காட்டிய பதின்ம வயதுப் பையன்களைப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தியானமும் நெறிகளும் சேர்ந்த மரபான டேக்வாண்டோவையும், இன்னொரு குழுவுக்குச் சண்டையை மட்டும் முன்னிறுத்திய நவீன முறையையும் கற்பித்தார். முதல் குழுவில் முரட்டுத்தனம் குறைந்தது, இரண்டாவதில் கூடியது. 34 பேரை மட்டும் கொண்ட ஆய்வு என்பதால் இதை வைத்துப் பெரிய கோட்டை எழுப்ப மாட்டேன். ஆனால் கற்பிக்கும் விதமே குழந்தையை ஆக்குகிறது என்பதை அது சுட்டுகிறது. இந்த ஆய்வுகளில் நன்மை தந்தது பயிற்சி. பட்டையின் நிறத்துக்கு அதில் பங்கிருந்ததாக யாரும் சொல்லவில்லை.

பட்டைகள் ஏன் இத்தனை நிறத்தில் பெருகின? ஜூடோ ஐரோப்பாவுக்குப் போனபோது தொடக்கக்காரர்களைத் தக்கவைக்க நிறப் பட்டைகள் பயன்பட்டன. 1930களில் பாரிஸில் கற்பித்த மிகினோசுகே கவாய்ஷி இந்த முறையைப் பரவலாக்கியவர். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஒவ்வொரு நிறமும் ஒரு சிறு வெற்றி. வளர்ந்தவர்களுக்காக வந்த இந்த ஊக்கம், 1984இல் வந்த 'கராத்தே கிட்' படத்துக்குப் பிறகு குழந்தைகள் அலையலையாக வகுப்புகளில் சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்தது. நிறங்களுக்கு நடுவே கோடுகள் வந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கட்டணம். கறுப்புப் பட்டைவரை எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்பணம் வாங்கும் ஒப்பந்தங்களும் அமெரிக்காவில் வந்தன. பணம் கட்டி முடித்த பெற்றோரிடம் "உங்கள் பிள்ளை இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லக்கூடிய ஆசிரியர் அபூர்வம். வயது வரம்பு அந்த ஆசிரியருக்கும் ஒரு கவசம். "எனக்குத் தடையில்லை, விதி இடம் கொடுக்கவில்லை" என்று அவர் சொல்லிக்கொள்ளலாம்.

அடிக்கடி பரிசு கொடுத்தால் குழந்தை ஆர்வத்தோடு தொடரும் என்பது பொதுவான நம்பிக்கை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை வேறு திசையைக் காட்டியது. படம் வரைவதில் தாமாகவே ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து வகுப்பில் வண்ணப் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறையப் பாதி நேரமே அவற்றைத் தொட்டார்கள். பரிசு, இருந்த ஆசையைத் தின்றுவிட்டது. பத்து வயதில் கறுப்புப் பட்டை வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த வருடமும் வகுப்புக்கு வருகிறார்கள் என்பதை எந்த மாஸ்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வாங்கியாயிற்று, இனி எதற்கு என்று பெற்றோரே ட்யூஷனுக்கு மாற்றிவிடுகிறார்கள். குழந்தையிடம், இது முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் சொன்னதாகத்தான் அதற்குப் பொருள்.

வெற்றியைச் சிறு வயதில் குவிப்பதன் ஆபத்தை ஜூடோவின் தாயகமே உணர்ந்திருக்கிறது. நகோயா பல்கலைக்கழகத்தின் ரியோ உச்சிதா, 1983 முதலான சுமார் முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருப்பதைப் பதிவேடுகளிலிருந்து தொகுத்து வெளிக்கொண்டுவந்தார். தலைக்காயமே முக்கியக் காரணம். சரியாக விழக் கற்றுக்கொள்வதற்குள் பெரிய எறிதல்களுக்கு ஆளான முதலாண்டு மாணவர்கள் அதில் அதிகம். பெற்றோர் ஒன்றுகூடி 2010இல் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2022 மார்ச்சில் அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்தியது. வெற்றி ஒன்றையே குறியாகக் கொள்ளும் போக்கு முற்றிவிட்டது என்று காரணம் சொன்னது. குழந்தைகளை எடை குறைக்கவைத்ததும், தோற்ற பிள்ளைகளைப் பயிற்சியாளரும் பெற்றோரும் திட்டியதும் அப்போது வெளியே பேசப்பட்டன. ஒலிம்பிக் தங்கங்களைக் குவிக்கும் ஒரு நாடு குழந்தைகளின் தேசியப் போட்டியைத் தானாகவே கைவிட்டதைப் பெரிய தைரியம் என்றே சொல்வேன்.

பட்டைச் சிக்கலுக்கு நேரடியாக விடை கண்டவர்கள் கொரியர்கள். கொரிய நகரங்களில் டேக்வாண்டோ பயிற்சிக்கூடமான தோஜாங் பிள்ளைகளின் மாலை நேரக் காப்பகமும்கூட. பள்ளி விட்டதும் தோஜாங்கின் மஞ்சள் வண்டி வந்து ஏற்றிப்போகும். அப்பா அம்மா வேலை முடியும்வரை பிள்ளை அங்கேதான் இருக்கும். குதித்தல், ஓடுதல், கயிறு தாண்டுதல், நடுவில் உதையும், பூம்சே என்ற அசைவு வரிசையும். அத்தனை குழந்தைகளையும் ஒரு தகுதிக்குள் கொண்டுவர வேண்டிய கட்டாயம் குக்கிவோனுக்கு இருந்தது. அதற்காகவே 15 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பூம். அதன் பட்டை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், இது குழந்தையின் தகுதி என்று. 15 வயது ஆனதும் அந்தப் பூமை டானாக மாற்றிக்கொள்ளலாம். நான்காம் பூமை அப்படி மாற்ற 18 வரை காத்திருக்க வேண்டும்.

குழந்தையின் உழைப்பை மதித்து, அதைப் பெரியவர்களின் தகுதியோடு குழப்பாமல் வைக்கிறது இந்த ஏற்பாடு. அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். கொரியாவில் முதல் பூமை ஓர் ஆண்டளவில் வாங்கிவிட முடிகிறது. அதைவிடப் பெரிய குறை, 15 வயதில் நடக்கும் மாற்றம். எட்டு வயதில் எட்டாம் தேகுக் பூம்சேயைச் செய்து காட்டிப் பெற்ற பூம், புதிய தேர்வு எதுவும் இல்லாமல் விண்ணப்பத்தில் டானாகிவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு தேர்வு இருந்திருந்தால் உலகிலேயே சிறந்த முறை இதுதான் என்று தயங்காமல் எழுதியிருப்பேன்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சு இன்னும் கடுமையானது. குழந்தைகளுக்குச் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று தனி வரிசை. 13 வயதில் பச்சைக்கு வரலாம். 16 வயதில்தான் பெரியவர்களின் வரிசை தொடங்கும். பத்து வருடம் பயின்ற சிறுவனும் அப்போது நீலத்திலோ, மிக நன்றாகப் பயின்றிருந்தால் ஊதாவிலோ போய் நிற்க வேண்டும். பழுப்புக்கு 18. கறுப்புக்கு 19. பிள்ளைகள் இதனால் மனம் உடைந்து ஓடிவிடவில்லை. உலகில் வேகமாக வளரும் கலைகளில் அது ஒன்றாகவே இருக்கிறது.

திறமையுள்ள பிள்ளையை வயதைக் காட்டி நிறுத்துவது அநியாயம் அல்லவா என்று கேட்பார்கள். சென்னைப் பிள்ளை பிரக்ஞானந்தா 2018இல் 12 வயது 10 மாதத்தில் செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குகேஷ் இன்னும் குறைந்த வயதில் ஆனார். யாராவது தடுத்தார்களா? தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் கூடாது. அந்தப் பட்டத்துக்காக அவர்கள் வளர்ந்த வீரர்களோடு மோதினார்கள். பலகையும் காய்களும் விதிகளும் எல்லோருக்கும் ஒன்றே. குழந்தைகளுக்கென்று எளிதாக்கிய செஸ்ஸில் ஜெயித்து யாரும் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை. பத்து வயதுக் கறுப்புப் பட்டை அப்படி வருவதில்லை. எதிரே நிற்பதும் பத்து வயதுப் பிள்ளை, விதியும் குழந்தைகளுக்கானது. உடலை ஈடுவைக்கிற விளையாட்டுகள் போகும் திசையும் வேறு. பனிச்சறுக்கு நடனத்தில் மூத்தோர் போட்டிக்கான வயதை 15இலிருந்து படிப்படியாக 17ஆக உயர்த்த சர்வதேசச் சங்கம் 2022இல் முடிவெடுத்தது. அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயதுச் சிறுமி கமிலா வலியேவா பட்ட பாட்டை உலகமே பார்த்திருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது பாதுகாப்பு உணர்வு. பெண்பிள்ளைகளைக் கராத்தேயில் சேர்க்கும் பெற்றோர் பெரும்பாலும் தற்காப்புக்காகவே சேர்க்கிறார்கள். பத்து வயதுச் சிறுமியிடம் கறுப்புப் பட்டையைக் கட்டி, "இனி உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்வது பெரிய தீங்கு. எழுபது கிலோ ஆள் கையைப் பற்றினால் அவள் செய்ய வேண்டியது கத்துவது, உதறுவது, ஓடுவது, வீட்டில் சொல்வது. அதைக் கற்பிக்கிற நல்ல மாஸ்டர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பட்டை அவளை நின்று சண்டை போடச் சொன்னால், பட்டை அவளுக்கு எதிரி. அதே அளவு கொடியது இன்னொன்று: ஏதாவது நடந்துவிட்டால், கறுப்புப் பட்டை வாங்கியும் தடுக்க முடியவில்லையே என்று அந்தக் குழந்தை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது.

வயதும் குணமும் பார்த்து ஆபத்தான பாடத்தைத் திறப்பது நமக்குப் புதிதில்லை. குமரி மாவட்டத்து அடிமுறை ஆசான்கள் வர்ம அடிகளைக் கடைசியில்தான், அதுவும் மாணவனின் குணம் முழுக்கத் தெரிந்த பிறகே சொல்லிக்கொடுப்பது வழக்கம். சிலம்பத்தில் சின்னப் பிள்ளைகள் காலடி வரிசையும் சுற்றும் பழகலாம். கம்போடு கம்பு மோதும் பாடம் பிறகு. மரபில் இதற்குப் பட்டை இருந்ததில்லை. ஆசான் அனுமதிப்பதே தகுதி. இப்போது சிலம்பத்துக்கும் நிறப் பட்டை கொண்டுவரும் அமைப்புகள், கராத்தே வகுப்புகள் விழுந்த பள்ளத்தைக் கவனித்துவிட்டுக் கொண்டுவரட்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை பிரான்ஸ் தனித்து நிற்கிறது. அங்கே டான் என்ற தகுதி விளையாட்டுச் சட்டத்தொகுப்பின் காப்புக்குள் இருக்கிறது. அதற்கென அமைக்கப்பட்ட ஆணையத்தின் வழியாக மட்டுமே டான் வழங்க முடியும். அதிகாரமில்லாமல் வழங்குவது தண்டனைக்குரிய குற்றம். இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் சங்கம் பதிந்து, சான்றிதழ் அச்சடித்து, எந்த வயதுக் குழந்தைக்கும் எத்தனையாவது டானும் கொடுக்கலாம். பெற்றோர் நினைப்பதுபோல் அந்தச் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதும் இல்லை. ஒதுக்கீட்டுக்கு வேண்டியது அங்கீகாரமுள்ள மாநில, தேசியப் போட்டிகளில் பங்கேற்றதும் வென்றதும். பட்டைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. இதைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோருக்குச் சொல்லிவிடுவது வகுப்பு நடத்துபவரின் கடமை.

நம் மாநிலச் சங்கங்கள் ஒன்றுகூடி உட்கார்ந்தால் எழுதக்கூடிய விதி சிக்கலானதல்ல. 15 வயதுவரை இளையோர் தகுதி, பார்த்ததும் வேறுபாடு தெரிகிற பட்டை. 15 முடிந்த பிறகு புதிதாகத் தேர்வு. அந்தத் தேர்வில் வேறு வகுப்பிலிருந்து வந்த, அதே எடையுள்ள, வளர்ந்த ஒருவரோடு குமித்தே என்ற நேருக்கு நேர் சண்டை. முதலுதவியில் சில கேள்விகள். அன்றுதான் சேர்ந்த ஒரு குழந்தைக்குக் காயம் படாமல் விழக் கற்றுக்கொடுத்துக் காட்டுதல். தேர்வாளர்களில் பாதிப் பேராவது வெளியாராக இருக்க வேண்டும். தன் மாணவருக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது.

ஏற்கெனவே ஒன்பது வயதில் கறுப்புப் பட்டை வாங்கி, இப்போது பதின்மூன்றில் இருக்கும் ஒரு சிறுமியை என்ன செய்வது? பட்டையை அவிழ்க்கச் சொல்லக் கூடாது. கொடுத்தது பெரியவர்கள், அவர்கள் கேட்டதை அவள் செய்தாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். அவளைப் பெரியவர்களின் வகுப்புக்கு மாற்றலாம். அங்கே அவள் மறுபடி அடிப்படையிலிருந்து, தன்னைவிடக் கனமானவர்களோடு இரண்டு வருடம் பயிலட்டும். 15 முடிந்ததும் மற்றவர்களோடு வரிசையில் நின்று அதே தேர்வை எழுதட்டும். அதற்கான கட்டணத்தை, முதல் பட்டைக்கு வாங்கிய சங்கம் விட்டுக்கொடுக்க வேண்டும்.